கடலுக்கு ஒரு சீட்டு

வள்ளல் சீதக்காதியைப் பற்றிய பேச்சு எழுந்தால், நம் வீட்டுச் சிறுவர்கூட அவர் மறைந்த பின்னும் ஈந்த கதையைச் சொல்லி முடித்துவிடுவர். அடக்கம் செய்யப்பட்ட வள்ளலின் கை வெளியே நீண்டதும், விரலில் கிடந்த மோதிரத்தைப் புலவர் பெற்றுச் சென்றதும் தலைமுறை தலைமுறையாக நம் திண்ணைகளில் சொல்லப்பட்டு வருபவை. அது நிகழ்ந்ததா, புனைந்ததா என்னும் வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. நான் கேட்க விரும்புவது வேறொன்று. கொடுத்தவர் அதற்கு முன் ஈட்டியிருக்க வேண்டுமன்றோ? கீழக்கரையில் பிறந்த ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர் அந்தப் பொருளை எந்தக் கடலில், எந்தச் சரக்கை ஏற்றி, யாரோடு மல்லுக்கு நின்று ஈட்டினார்? கொடையை நினைவில் வைத்துக்கொண்டோம்; கலத்தை மறந்துவிட்டோம்.

மறதிக்குக் காரணமும் உண்டு. ஐரோப்பியக் கும்பினிகள் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றை நாம் பள்ளியில் படித்தபோது, வாஸ்கோடகாமாவுக்குப் பின் அல்புகர்க், அவருக்குப் பின் பிரான்சிஸ் டே, அவருக்குப் பின் டூப்ளே என்று வந்தவர்களின் பெயர்களையே மனப்பாடம் செய்தோம். அவர்கள் வந்து இறங்கிய துறைமுகங்களில் அதுவரை வாணிகம் செய்துகொண்டிருந்தவர் யார், வந்தவர்களால் அவர்கள் என்ன ஆயினர் என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. ஆளில்லாத கரையில் கப்பல் வந்து ஒதுங்கியது போலவே கதை நடக்கிறது.

கரை ஆளில்லாமல் இல்லை. காயலிலும் கீழக்கரையிலும், நாகூரிலும் நாகப்பட்டினத்திலும், பரங்கிப்பேட்டையிலும் பழவேற்காட்டிலும் கலம் கட்டுவோரும் கலம் செலுத்துவோருமாக நம் முன்னோர் நிறைந்திருந்தனர். மரக்காயர் என்ற பெயரை மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வாரும், மர்கப் என்னும் அரபுச் சொல்லோடு சேர்த்துச் சொல்வாரும் உளர். எந்த வழியில் போனாலும் கப்பலில்தான் சென்று முடிகிறது. கீழைக்கடலுக்கு அப்பால் மலாக்காவிலும் அச்சேயிலும் கடாரத்திலும் தெனாசரியிலும் இவர்களைச் சூலியர் என்றழைத்தனர். இங்கிருந்து துணி போயிற்று. அங்கிருந்து மிளகும் ஈயமும் பாக்கும் வந்தன. யானைகளும் கப்பலேறி வந்தன. யானையைக் கடல் கடத்திக் கொண்டுவருவதற்கு எத்தகைய கலமும் எத்தகைய துணிவும் வேண்டும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். கீழைக்கடல் வணிகரெல்லாம் மூட்டை தூக்கிய சில்லறை வியாபாரிகள் என்று எழுதிய ஐரோப்பிய ஆசிரியர்கள் இந்த யானைகளை மறந்துவிட்டனர் போலும்.

அந்தக் கடலில் சுங்கம் இருந்தது, கொள்ளையர் இருந்தனர், புயல் இருந்தது. ஆனால் கடலில் செல்வதற்கே ஒருவரிடம் உத்தரவு பெற வேண்டும் என்ற வழக்கம் இருந்ததில்லை. துறைமுகத்துக்கு அரசன் உண்டு, அலைக்கு அரசன் இல்லை என்பதே எல்லோரும் அறிந்த நெறி.

1498 மே மாதத்தில் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தார். அவர் 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து ஹாஜிகளையும் வணிகரையும் ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் ஒன்றை மலபார்க் கடலில் மறித்து, பொருளைக் கவர்ந்துகொண்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளிருக்கவே தீயிட்டுக் கொளுத்தினார். போர்த்துக்கீசிய எழுத்தாளர்களே எழுதி வைத்த செய்தி இது. அந்த நெருப்போடு கூடவே ஒரு காகிதமும் பிறந்தது. அதற்குக் கர்த்தாஸ் என்று பெயர். இந்தியக் கடலில் செல்லும் எந்தக் கலமும் போர்த்துக்கீசிய அதிகாரியிடமிருந்து இச்சீட்டைப் பெற்றிருக்க வேண்டும். கலத்தின் பெயர், நகுதாவின் பெயர், அதன் கொள்ளளவு, அதிலுள்ள ஆயுதங்கள், புறப்படும் துறை, சேரும் துறை எல்லாம் அதில் எழுதப்படும். இன்னின்ன சரக்கை ஏற்றலாகாது, இன்னின்ன ஊருக்குப் போகலாகாது என்ற தடைகளும் இருக்கும். சீட்டின் விலை பெரிதன்று. ஆனால் சீட்டு வாங்கியவன் போர்த்துக்கீசியரின் துறையில் நின்று தீர்வை கட்டியே ஆக வேண்டும். அங்கேதான் உயிர் போயிற்று. சீட்டில்லாத கலம் அகப்பட்டால் சரக்குப் பறிபோகும். ஆட்களின் கதி பிடித்தவன் கருணையைப் பொறுத்தது.

வணிகத்துக்கு வந்த இந்த இடையூறு மார்க்கக் கடமையின் வாசலிலும் வந்து நின்றது. அக்பர் பாதுஷாவின் காலத்தில் ஹஜ்ஜுக்குச் செல்லும் கப்பல்களும் இச்சீட்டைப் பெற்றே சூரத்திலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. சீட்டில் கன்னி மர்யத்தின் உருவமும் ஈஸா நபியின் உருவமும் பொறிக்கப்பட்டிருந்தன என்பதைக் காட்டி, இவ்வழியில் பயணம் செய்ய நேர்வதால் ஹஜ் கடமை இல்லை என்று அரசவை ஆலிமான மக்தூமுல் முல்க் தீர்ப்புரைத்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனி குறித்துள்ளார். தீர்ப்பின் சரி தவறு ஆலிம்களின் துறை. கடல் கடக்கும் சீட்டு ஒன்று ஐங்கடமைகளில் ஒன்றைப் பற்றிய விவாதமாக மாறியது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சீட்டு வைத்திருந்தவர்க்காவது காப்பு இருந்ததா? 1613இல் ஜஹாங்கீரின் அன்னை மர்யமுஸ் ஸமானியின் ரஹீமீ என்னும் பெருங்கப்பல் முறையான சீட்டோடு வந்தபோதே போர்த்துக்கீசியர் அதைச் சூரத்துக் கடலில் பிடித்துச் சென்றனர். பேரரசன் தாய்க்கே இந்நிலை எனில் காயற்பட்டினத்து நகுதாவுக்கு என்ன நிலை?

பணிந்தவர்கள் இருந்தது போல எதிர்த்தவர்களும் இருந்தனர். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்காயர்களின் வீரம் மலையாளக் கரையோடு நின்றதன்று. முத்துக்குளித்துறையைப் போர்த்துக்கீசியர் தம் வசமாக்கிக்கொண்ட காலத்தில் மலபார் மரக்காயர்களின் கப்பற்படை குமரிமுனையைச் சுற்றி நம் கரைக்கே வந்தது. 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் நடந்த போரில் தோல்வியுற்றது. இன்று அவ்வழியே இராமேசுவரத்துக்கும் ஏர்வாடிக்கும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

அதே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் இலண்டனில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் பட்டயம் வழங்கப்பட்டது. 1602 மார்ச்சில், ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரரின் கும்பினி ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் முதலோடு எழுந்தது. முன் வந்தவன் அரசனின் ஆள். இப்போது வந்தவனோ பங்குதாரரின் ஆள். இலாபக் கணக்கை ஆண்டுதோறும் காட்ட வேண்டியவன். ஆயினும் இவனுக்கும் பீரங்கி உண்டு, கோட்டை கட்டவும் போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் உரிமை உண்டு.

ஒல்லாந்தருக்கு வேண்டியது சாதிக்காயும் கிராம்பும். அவை விளையும் தீவுகளில் வெள்ளிக் காசைக் காட்டினால் மட்டும் போதவில்லை. அங்குள்ளோர் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியை. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணி. கையால் வண்ணம் எழுதிய துணி. திருமணத்துக்கு ஒன்று, நோன்புக்கு ஒன்று, இறந்தவரைப் போர்த்த ஒன்று என்று தீவுக்குத் தீவு மாறுபட்ட கரையும் கட்டமும். எந்தத் தீவுக்கு எந்தக் கரை பிடிக்கும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்திருந்தவர்கள் நம் கரை வணிகரும் நெசவாளரும் சாயக்காரரும். ஒல்லாந்தர் இதைக் கண்டுகொண்டனர். அவர்களுடைய தளபதிகளுள் ஒருவரான ஹென்றிக் பிரௌவர், சோழமண்டலக் கரையை மொலுக்கத் தீவுகளின் இடக்கைக்கு ஒப்பிட்டு 1612இல் தம் மேலிடத்துக்கு எழுதினார். 1610இல் பழவேற்காட்டில் இடம் பெற்று, 1613இல் அங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர்.

ஐரோப்பாவிலிருந்து வெள்ளியும் பொன்னும் வரும். அது இங்கே வராகனாக மாறும். வராகன் துணியாக மாறும். துணி தீவுகளில் கிராம்பாக மாறும். கிராம்பு மீண்டும் ஆம்ஸ்டர்டாமில் வெள்ளியாக மாறும். இந்தச் சுழற்சியில் நெசவாளனுக்கும் வணிகனுக்கும் பங்கு கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. வாங்குவோர் பலராக இருந்த காலம் அது. ஒல்லாந்தர் விலை குறைத்தால் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்த டேனியர் இருந்தனர். 1639இல் சென்னைக்கு இடம் பெற்ற ஆங்கிலேயர் இருந்தனர். 1674இல் புதுச்சேரியில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர் இருந்தனர். டேனியரிடம் கப்பல் இருந்தது, நிரப்பச் சரக்கு இல்லை. நம் வணிகரோ அவர்கள் கப்பலிலேயே கூலி கொடுத்துத் தம் சரக்கை ஏற்றி, டேனியக் கொடியின் நிழலில் ஒல்லாந்தரின் கண்முன்னே கடந்து சென்றனர். இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

ஒல்லாந்தர் சிரிக்கவில்லை. அவர்களும் சீட்டு முறையைக் கையில் எடுத்தனர். போர்த்துக்கீசியர் பெரும்பாலும் சீட்டைக் கொண்டு தீர்வை வாங்கினர். ஒல்லாந்தர் சீட்டை மறுப்பதைக் கொண்டு வணிகத்தையே வாங்க முயன்றனர். 1621இல் பாண்டாத் தீவுகளில் மக்களுள் பெரும்பகுதியினரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் விரட்டியும் சாதிக்காயைத் தனியுடைமை ஆக்கினர். 1641இல் மலாக்காவைப் பிடித்தனர். அச்சேக்கும் பேராக்குக்கும் செல்லச் சூலியர் சீட்டுக் கேட்டால், மலாக்காவுக்குப் போ என்று விடை வந்தது. எல்லா நாட்டாரும் வந்து வணிகம் செய்த மக்காசர் 1669இல் அவர்கள் கைக்குப் போயிற்று. 1682இல் பாந்தமும் போயிற்று. ஒவ்வொரு துறை மூடும்போதும் நம் கரையில் ஒரு தெருவுக்கு வேலை போயிற்று என்று கொள்க.

இனி வள்ளலின் ஊருக்கு வருவோம். 1658ஆம் ஆண்டை அவ்வூரிலிருந்து பார்க்க வேண்டும். அந்த ஓர் ஆண்டுக்குள் தெற்கே தூத்துக்குடி, கிழக்கே மன்னார், அதற்கு வடக்கே யாழ்ப்பாணம், வடகரையில் நாகப்பட்டினம் ஆகிய நான்கையும் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்துக்கொண்டனர். கொழும்பு அதற்கு இரண்டாண்டு முன்பே அவர்களிடம் வந்துவிட்டது. கீழக்கரையிலிருந்து எந்தத் திசையில் பாய் விரித்தாலும் அவர்கள் கோட்டை. எஞ்சியது பாம்பன் வழி ஒன்றே. அதன் திறவுகோல் சேதுபதியின் கையில் இருந்தது. அதையும் பெற ஒல்லாந்தர் இராமநாதபுரத்தோடு பேசினர், மிரட்டினர், போரிட்டனர், உடன்படிக்கை எழுதினர்.

1670ஆம் ஆண்டளவில் இலங்கையின் பாக்கு ஏற்றுமதியையும் அங்குச் செல்லும் துணி, அரிசி வாணிகத்தையும் தமக்கே உரியவை என்று ஒல்லாந்தர் அறிவித்தனர். அதுவரை காயற்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இலங்கை அடுத்த வீடு. துணியும் அரிசியும் கொண்டுபோய்ப் பாக்குக் கொண்டுவரும் சிறு தோணிக்காரனும் அதில் பிழைத்தான். அடுத்த வீட்டுக்குப் போக அயலான் உத்தரவு என்றானபோது கள்ளக் கடத்தல் என்னும் பெயர் நம்மவர் மீது விழுந்தது. தந்தை செய்த தொழிலையே மகன் செய்தான். சட்டம் மாறியதால் அவன் கள்ளனானான். இலங்கையிலோ துணியும் அரிசியும் அருகின. ஏகபோகம் ஒல்லாந்தருக்கே இடர் தந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் அவர்களே கட்டைத் தளர்த்தினர்.

இந்நெருக்கடியில்தான் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர் வாணிகம் செய்தார். பெரிய தம்பி மரக்காயர் என்னும் பெயர் ஒல்லாந்தர் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கிழவன் சேதுபதியின் நம்பிக்கைக்குரியவராய், அவர் சார்பில் ஒல்லாந்தரோடு பேசியவர் அவர். ஒல்லாந்தருக்குச் சரக்குக் கொடுத்தவரும் அவர். அவர்களை ஏய்த்துத் தம் கலங்களைச் செலுத்தியவரும் அவர். சென்னைக் கோட்டை ஆங்கிலேயரோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. ஒருவன் நெருக்கினால் மற்றவனிடம் பேசுவது, கோட்டையுள்ள துறையை விட்டுக் கோட்டையில்லாத துறையில் சரக்கு இறக்குவது, அரசனின் வாணிகமும் தம் வாணிகமும் ஒன்றே எனக் காட்டுவது என அவர் கையாண்ட வழிகள் பல. அவருடைய செல்வாக்கைக் குறைக்கும்படி ஒல்லாந்தர் சேதுபதியை வற்புறுத்தும் அளவுக்கு அவை பலித்தன. புலவர் பாடிய புகழைவிட, பகைவர் எழுதிய இந்தப் புகாரே அவர் பெருமைக்குச் சிறந்த சான்று என்பது என் கருத்து.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் இந்தப் பணத்தில் எழுந்தது. 5027 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தைத் தொடங்கத் துணை நின்ற சீதக்காதி அது முற்றுப்பெறுமுன் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் அதன்பின் ஆதரித்தார். ஒருவர் கீழக்கரை வணிகர், மற்றவர் பரங்கிப்பேட்டை வணிகர் என்பது தற்செயல் அன்று. பரங்கிப்பேட்டையில் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், டேனியர் எல்லோருக்கும் பண்டகசாலை இருந்தது. ஆனால் எவர் ஒருவரும் ஊரை முழுதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அதனாலேயே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் நம்மவரின் தலையாய துறையாயிற்று. காப்பியம் வளரவும் இப்படி ஒரு திறந்த துறை தேவைப்பட்டது.

நம்மவரைத் தூய்மையாக மட்டும் காட்டி எழுதுவது வரலாறு ஆகாது. கும்பினியின் துணி வாணிகம் முன்பணத்தில் நடந்தது. முன்பணம் வணிகர் கையால் நெசவாளனுக்குப் போகும். துணி தரம் குறைந்தால், நாள் தவறினால், கடன் நெசவாளன் தலையில் ஏறும். அந்தச் சங்கிலியில் எல்லாச் சமயத்து வணிகரும் கண்ணிகளாக இருந்தனர், நம்மவரும் இருந்தனர். இன்னொன்று அதனினும் கொடியது. பஞ்சம் வந்த ஆண்டுகளில், குறிப்பாக 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சமும் போரும் வாட்டியபோது, பசித்த மக்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஒல்லாந்தர் கப்பலேற்றினர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய அம்மக்களின் பெயர்ப் பட்டியலில் நம் கிராமங்கள் இருக்கும். துணிக்குச் சீட்டுக் கேட்டவர்கள் மனிதரை ஏற்ற எவரிடமும் சீட்டுக் கேட்கவில்லை.

ஆங்கிலேயர் கதையை விரித்தால் இதழ் போதாது. நம் துணி இலண்டனில் அதிகமாக விற்றதால் அங்குள்ள நெசவாளர் கொதித்தெழுந்து, 1700இலும் 1720இலும் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றச் செய்தனர் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். அவர்கள் ஊரில் சட்டம் செய்ய முடிந்தது. நம் ஊரில் அப்போது அவர்கள் வாங்குவோர் மட்டுமே. 1757இல் பிளாசிப் போர் முடிந்து, 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கைக்கு வந்ததும் அந்நிலை மாறியது. அதுவரை துணிக்கு வெள்ளி கொண்டுவந்தவன், இனி நம்மிடம் வாங்கிய வரியைக் கொண்டே நம் துணியை வாங்கினான். இந்தத் திருப்பத்துக்கு முன் கர்த்தாஸ் வெறும் காகிதம்.

1781 கரைக்குக் கெட்ட ஆண்டு. ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் ஜூலை முதல் நாள் பெரும்போர் நடந்தது பரங்கிப்பேட்டையில்தான். அவ்வாண்டிலேயே பழவேற்காடும் நாகப்பட்டினமும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போயின. கும்பினிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பிழைத்த வணிகனுக்கு மோதவிட இரண்டாவது கும்பினி இல்லாமற் போயிற்று. ஒல்லாந்தர் கும்பினி கடனில் மூழ்கி 1799 கடைசி நாளோடு கலைந்தது. அதன் கணக்கேடுகள் இன்றும் ஹேக் நகரில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பெரிய தம்பி மரக்காயரின் கப்பற்கணக்கு ஒரு தாளும் நம் கையில் இல்லை. அவரைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அவரை வெறுத்தவர்கள் எழுதியதே.

எல்லாம் முடிந்தது என்று எண்ணவும் வேண்டா. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சில ஆண்டுகளுக்குள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சூலியர் நம் கரையிலிருந்து அங்கே வந்து போயினர். பாய்மரக் கப்பலில் துணியோடு போய்ப் பாக்கோடு திரும்பினர். அவர்களுள் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் முஹைதீன் மரக்காயர் என்பவரை அங்குள்ள நம் மக்களுக்குத் தலைவராக, கப்பித்தான் கெலிங் என்னும் பட்டத்தோடு, கும்பினியார் ஏற்றுக்கொண்டனர். 1801இல் பள்ளிவாசல் கட்ட நிலமும் எழுதிக் கொடுத்தனர். கப்பித்தான் கெலிங் பள்ளி என்று அது இன்றும் ஜார்ஜ் டவுனில் நிற்கிறது. அதன் அருகே ஓடும் தெருவுக்குச் சூலியா தெரு என்று பெயர்.